அரங்கத்தை உட்காரவைத்த குரல்

பல நாடுகள் கலந்துகொள்ளும் அந்தப் பெரிய விளையாட்டுப் போட்டி நம் நாட்டுக்கு வருகிறது, ஐந்து நகரங்களில் பிரித்து நடத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, எங்கள் ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். ஓட்டம் வரும் என்றார் ஒருவர். கால்பந்து நிச்சயம் என்றார் இன்னொருவர். கடைசியில் ஓட்டமும் தாண்டலும் தலைநகருக்குப் போயின. நீச்சலும் படகும் துறைமுக நகருக்குப் போயின. மற்ற ஊர்களும் ஆளுக்கு இரண்டு மூன்றை அள்ளிக்கொண்டன. எங்களுக்குக் கிடைத்தது பளு தூக்குதல் மட்டும்.

அதிலும் ஒரு வேடிக்கை. புதிய உள்ளரங்கத்தைக் கட்ட அவர்கள் தேர்ந்தெடுத்த இடம், பழைய சரக்குக் கிடங்கு இருந்த மைதானம். ஊர் முழுக்க டீக்கடைகளில் ஒரே பேச்சு. இத்தனை வருஷம் இதே இடத்தில் மூட்டை தூக்கினோம், ஒருத்தனும் மெடல் கொடுக்கவில்லையே என்று பழைய சுமைக்காரர்கள் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் முதல் ஆள், மைக்கக்காவின் கணவர்.

மைக்கக்கா என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பவர். அவர் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். சின்ன வயதில் அதனால் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பள்ளியில் சேர்ந்து பாடும்போது வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிடுவார்களாம். வீட்டுத் தொலைபேசியை எடுத்தால் எதிர்முனையில் 'சார்' என்பார்களாம். பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் வாய்த்ததே என்று அவருடைய அம்மா கவலைப்பட்டு, வெந்நீரும் தேனுமாகக் கொடுத்துப் பார்த்தார். தேன் தீர்ந்ததுதான் மிச்சம்.

படிப்பு முடிந்ததும் பேருந்து நிலையத்தின் முன்பதிவு ஜன்னலில் தற்காலிக வேலை கிடைத்தது. ஒரு மழைநாளில் மேடைகளில் தண்ணீர் தேங்கி, வண்டிகளையெல்லாம் இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள். வழக்கமாக அறிவிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நிலைய அதிகாரி கையில் அகப்பட்டவரைப் பிடித்து மைக் முன் உட்கார வைத்தார். அகப்பட்டவர் இவர்.

பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்துப் பார்த்தார். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீழே கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒருவரைப் பொறுக்கிக்கொண்டார். தப்பான மேடையை நோக்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிய ஓர் அம்மாள்.

"நீலக் குடை பிடிச்சிருக்கிற அம்மா, உங்க வண்டி அங்க இல்ல, ஏழாம் மேடையில நிக்குது. ஓட வேண்டாம். டிரைவர் இப்பதான் டீ குடிக்க ஆரம்பிச்சிருக்காரு."

அந்த அம்மாள் நின்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதே வண்டிக்குப் போகவேண்டிய அத்தனை பேரும் நீலக் குடையின் பின்னால் நடந்தார்கள். மறுநாளே அதிகாரி அவரை அந்த நாற்காலிக்கே மாற்றிவிட்டார்.

அன்று கற்றுக்கொண்டதை அவர் விடவே இல்லை. ஆயிரம் பேரிடம் பேசவேண்டுமானாலும் ஓர் ஆளைப் பார்த்துத்தான் பேசுவார். கேட்கிற ஒவ்வொருவருக்கும் தன்னிடம்தான் சொல்கிறார் என்று தோன்றும். நாளடைவில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கமே வந்துவிட்டது. வண்டி கண்முன்னே வந்து நின்றாலும், "மைக்கக்கா சொல்லிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

வீட்டில் நேர்மாறு. அங்கே அவர் பேசமாட்டார், கணவர்தான் பேசுவார். அவர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். கிடங்கு ஊருக்கு வெளியே போனபிறகு அங்கே மேஸ்திரியாக இருக்கிறார். ஆள் நல்ல உயரம், அகலம். காலையில் கண் விழித்ததும் ஆரம்பிக்கும் பேச்சு, தூக்கம் வந்தால்தான் நிற்கும். வீட்டுக்கும் ஒரு மைக் வாங்கிப் போட்டால்தான் இவள் வாயைத் திறப்பாள் போலிருக்கிறது என்று மகளிடம் குறைப்பட்டுக்கொள்வார். மகள் கல்லூரிக்காரி. இரண்டு பேருக்கும் நடுவில் தகவல் சொல்லியே வளர்ந்தவள்.

அந்த மகள்தான், அரங்கத்துக்கு உள்ளூர் மொழியில் அறிவிப்பாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கேட்காமலே விண்ணப்பித்துவிட்டாள். கூப்பிட்டனுப்பினார்கள். மைக்கக்கா நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

அரங்க மேலாளர் முப்பதைத் தாண்டிய பெண். வெளிநாடுகளில் இதுபோன்ற போட்டிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஓர் அச்சடித்த தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மைக்கக்கா படித்தார். மோசமாகப் படித்தார், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது என்று அவரே பின்னால் சொன்னார். சரி, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"மேடம், இன்னொரு தடவை பேசுறேன். இந்தத் தடவை பேப்பர் வேண்டாம்."

மேலாளர் தலையாட்டினார். அரங்கத்தில் அப்போது கட்டட வேலை முடியவில்லை. காலி வரிசைகளுக்கு நடுவே ஒரே ஒருவர் கைப்பிடிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு பின்புறமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். மைக்கக்கா மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார்.

"மஞ்சள் தொப்பி போட்ட பெயின்டர் அண்ணே, அப்படியே நில்லுங்க. உங்க வாளி உங்களுக்குப் பின்னாலதான் இருக்கு. இன்னும் ஒரு படி இறங்கினா, அரங்கத்துக்குப் பதிலா நீங்கதான் மஞ்சள் ஆவீங்க."

பெயின்டர் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். மேலாளர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், எப்போதிலிருந்து வர முடியும் என்று கேட்டார்.

போட்டி நெருங்கியதும் பேருந்து நிலையத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு அரங்கத்திலேயே கிடந்தார். பளு தூக்குதலில் என்ன விதி, எதற்குச் சிவப்பு விளக்கு, எதற்கு வெள்ளை விளக்கு என்று பயிற்சியாளர்களை விரட்டிப் பிடித்துக் கேட்டார். கணவர் ஒருநாள் பயிற்சியைப் பார்க்க வந்து, வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். தலைக்கு மேல் தூக்குகிறான், சரி. அப்புறம் தூக்கின இடத்திலேயே போட்டுவிடுகிறானே, எங்கே கொண்டுபோய் வைக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

பெயர்கள்தான் பெரிய வேலையாக இருந்தது. எத்தனையோ நாட்டுக்காரர்கள், வாயில் நுழையாத பெயர்கள். மைக்கக்கா எதையும் பார்த்துப் படிக்கவில்லை. பயிற்சிக்கூடத்துக்கே போய் ஒவ்வொருவரையும் அவரவர் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஒரு சின்னத் தீவு நாட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அந்த நாட்டுக்கு அணி என்றால் அவளும் அவள் பயிற்சியாளரும்தான். அவள் பெயர் ரயில் மாதிரி நீளம். போன இடத்திலெல்லாம் பாதியோடு நிறுத்திவிடுவார்களாம். மைக்கக்கா முழுசாகச் சொல்ல முயன்றார். அவள் தலையாட்டி மறுத்துத் திருத்தினாள். மறுபடி சொன்னார். மறுபடி திருத்தினாள். கடைசியில் சரியாக வந்தபோது அந்தப் பெண் கைதட்டி, மைக்கக்காவைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளின் பலத்தில் தனக்கு மூச்சு முட்டிவிட்டது என்று மைக்கக்கா வீட்டுக்கு வந்து சொன்னார். அன்று வீட்டில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

போட்டி தொடங்கியது. பளு தூக்குதலை முன்பின் பார்த்திராத எங்கள் ஊர் முதல்நாளிலேயே விதிகளைக் கற்றுக்கொண்டது. காரணம் மைக்கக்கா. மூன்று விளக்கில் இரண்டு வெள்ளையாக எரிந்தால் தூக்கியது செல்லும், இரண்டு சிவப்பு வந்தால் செல்லாது, சிவப்பு வந்தால் நடுவரைத் திட்டாதீர்கள், அவரையும் வீட்டில் நாலு பேர் தேடுவார்கள் என்றெல்லாம் இடையிடையே சொல்லுவார். வீரர் கம்பியைப் பிடித்துக் குனிந்ததும், "இப்ப மூச்சு மட்டும் விடலாம்" என்பார். அத்தனை பேரும் கப்சிப் ஆகிவிடுவார்கள்.

சர்வதேசச் சங்கத்திலிருந்து வந்திருந்த மூத்த அதிகாரி ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. எதற்கு இவ்வளவு பேச்சு என்று மேலாளரிடம் முறையிட்டார். மேலாளர் தயங்கித் தயங்கி வந்து சொன்னபோது, தூக்கும் நேரத்தில் வாயைத் திறக்கமாட்டேன், மற்ற நேரத்தில் ஜனங்களுக்குப் புரியவேண்டாமா என்று கேட்டுவிட்டார் மைக்கக்கா. மேலாளர் அந்தப் பதிலையே கொஞ்சம் மெருகேற்றி அதிகாரியிடம் சொல்லிச் சமாளித்தார்.

பெண்கள் பிரிவு இறுதிச் சுற்று ஒரு பிற்பகலில் நடந்தது. அரங்கத்தில் ஊசி விழ இடமில்லை. நான் வடக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடைக்குப் பக்கத்தில், தரையிலேயே, ஒரு சின்ன மேசையில் மைக்கக்கா இருந்தார். எதிரே தெற்குப் பக்கத்தில், கீழிருந்து மூன்றாவது வரிசையில், அவர் கணவரும் மகளும். கணவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

முதல் பாதி முடிந்தது. தீவுப் பெண் மூன்றாவது இடத்தில் இருந்தாள். இடைவேளையில்தான் தெற்குப் பக்கம் மேலே புகை தெரிந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு கறுப்பாக. தெற்குப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாமான் அறையில் ஒரு மின்கம்பி தீப்பற்றியிருந்தது. எங்களுக்கு அது எதுவும் தெரியாது. புகை தெரிந்தது, அவ்வளவுதான். மேல் வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு பத்துப் பேர். பிறகு வரிசை வரிசையாக.

மேலாளர் மைக்கக்காவின் மேசைக்கு ஓடி வந்தார். தீ சின்னதுதான், தீயணைப்பு வீரர்கள் உள்ளே அணைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வயர்லெஸ்ஸில் தகவல் வந்திருந்தது. ஆனால் புகை படிக்கட்டு வழியே மேலே ஏறிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் படிக்கவேண்டிய அறிவிப்பு ஏற்கெனவே அச்சடித்து மேசையில் இருந்தது. அனைவரும் தங்களுக்கு அருகிலுள்ள வாயில் வழியாக வெளியேறவும் என்று அதில் இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அந்த வரியைப் பார்த்தார்கள். தெற்குப் பக்கத்தாருக்கு அருகிலுள்ள வாயில், புகை வரும் வாயில்தான்.

"இதைப் படிச்சா அவங்க நேரா புகைக்குள்ளதான் போவாங்க," என்றார் மேலாளர். "மேற்குப் படி வழியாத்தான் அவங்களை அனுப்பணும். ஆனா மேற்கு ஜனம் முதல்ல போகணும், ரெண்டும் சேர்ந்தா நசுங்கிடும். நீங்களே சொல்லுங்க அக்கா."

மைக்கக்கா தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"தெற்குப் பக்கம் இருக்கிறவங்க கேளுங்க. உங்களுக்குப் பின்னால புகை வருது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். தீயணைப்பு ஆளுங்க அங்கயே நிக்கிறாங்க. அந்தப் படி இன்னைக்குக் கிடையாது. உங்க வண்டி மேற்கு மேடையில இருந்து கிளம்பும். ஆனா முன்னால ஒரு வண்டி நிக்குது. அது போனாத்தான் உங்க வண்டி நகரும். அதுவரைக்கும் உக்காருங்க, ஸீட் இருக்கு."

நம்ப மாட்டீர்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. பேருந்து நிலையத்தில் வருஷக்கணக்காகக் கேட்ட அதே குரல், அதே நிதானம். எழுந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். வடக்குக்காரர்கள் வடக்குப் படி, கிழக்குக்காரர்கள் கிழக்குப் படி, மேற்குக்காரர்கள் மேற்குப் படி, கைப்பையைத் தேடவேண்டாம், அது உங்களைத் தேடி வரும் என்று ஒவ்வொரு பக்கமாக அனுப்ப ஆரம்பித்தார். நாங்கள் எழுந்து நடந்தோம். வெளிநாட்டுக்காரர்களுக்கு மொழி புரியவில்லை. ஆனால் ஊரே நடப்பதைப் பார்த்து அவர்களும் கூட நடந்தார்கள்.

தெற்கில் மீதிப் பாதி உட்காரவில்லை. அவர்களுக்கு நடுவே, மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்வரிசை நாற்காலியின்மேல் தூக்கிவைத்து நின்றிருந்தார் மைக்கக்காவின் கணவர். அவர் தாண்டினால் பின்னால் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் தாண்டுவார்கள். அவ்வளவு பெரிய உடம்பு வழிவிட்டால் வரிசையே சரிந்துவிடும்.

ஒலிபெருக்கி நின்றுபோனது. மைக் கெட்டுவிட்டதோ என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மைக்கக்கா தெற்குப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது வரிசையில, சாம்பல் சட்டை போட்ட பெரியவரே. காலை இறக்குங்க. உக்காருங்க. உங்க பொண்ணையும் பக்கத்துல உக்கார வைங்க. நான் எழுந்திரிக்கச் சொல்லாம எழுந்திரிக்காதீங்க."

அவர் மேசையைப் பார்த்தார். காலை இறக்கினார். மகளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு காரியம் இப்படிச் சொன்னதே இல்லை, சொல்கிறாள் என்றால் ஏதோ இருக்கும் என்று தோன்றியது என்றுதான் அவர் பின்னால் எங்களிடம் சொன்னார்.

மேற்குப் படி காலியானது. புகைக்குப் பக்கத்தில் இருப்பது மேல் வரிசைகள், அதனால் அவற்றை முதலில் இறக்கினார். மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கீழே வந்து, மேடைக்கு முன்னால் நடந்து, மேற்குப் பக்கமாகப் போனார்கள். கீழிருந்து மூன்றாவது வரிசைக்கு முறை வரும்போது அரங்கத்தில் ஏறக்குறைய யாருமே இல்லை. இருமல் சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை நேரமும் மகள் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மைக்கக்காவுக்குத் தெரியும். தானும் அவளைப் பார்த்தால் குரல் போய்விடும் என்று பார்க்கவில்லையாம். மூன்றாவது வரிசை எழுந்திருக்கலாம் என்றபோதும் காலியாகிவிட்ட நான்காவது வரிசையைப் பார்த்துத்தான் சொன்னாராம்.

அவர்கள் வெளியே போனதும் மேலாளர் கிளம்பலாம் என்றார். மைக்கக்கா, பின்னால் பயிற்சிக்கூடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. மைக்கைத் திரும்ப இழுத்து, தீவுப் பெண்ணின் பெயரைத் தலையிலிருந்து வால்வரை முழுசாகச் சொல்லி அழைத்தார். அவளும் பயிற்சியாளரும் எட்டிப் பார்த்தார்கள். அறிவிப்பு எதுவும் புரியாமல், அடுத்த சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களோடு கைகோத்துக்கொண்டுதான் மைக்கக்கா வெளியே வந்தார். அந்தப் பெண் கையில் பூசியிருந்த வெள்ளைப் பொடி அவர் சட்டைக் கையெல்லாம் ஒட்டியிருந்தது.

ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கியதோடு சரி. வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வெளியே வந்ததும் மைக்கக்கா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். மகள் ஓடிவந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கணவர் எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் பார்த்து, அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். தண்ணீர் பாட்டில் காலியாகும்வரை பொறுத்தார்.

"எல்லாம் சரி. ஊரே கேக்குறப்ப என்னைப் பெரியவர்னு சொல்லிட்டியே. நான் என்ன அவ்வளவு பெரியவனா?"

மைக்கக்கா அவர் தோளில் தலையைச் சாய்த்து, சிரித்தார். சிரிப்பிலேயே கண்ணீரும் வந்தது.

சோதனையெல்லாம் முடிந்து, இரண்டாம் பாதியை மறுநாள் காலையில் நடத்தினார்கள். கூட்டம் குறையும் என்று நினைத்தார்கள். ஒரு நாற்காலி காலியில்லை. மைக்கக்கா வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்த கைதட்டலை நிறுத்த, விளையாட்டு வீரர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று அவரே சொல்லவேண்டியிருந்தது. தீவுப் பெண் கடைசி வாய்ப்பில் கம்பியை மார்புவரை கொண்டுவந்து, ஒரு நொடி தள்ளாடி, பிறகு தலைக்கு மேல் நிறுத்தினாள். மூன்று விளக்கும் வெள்ளை. வெண்கலம் அவளுக்கு. அவள் நாட்டுக்கு அந்தப் போட்டியில் அதுதான் முதல் பதக்கம். பதக்க மேடையில் அவள் பெயர் ஓர் எழுத்துக் குறையாமல் ஒலித்தபோது, அவள் பதக்கத்தைப் பார்க்கவில்லை, ஒலிபெருக்கியைத்தான் பார்த்தாள்.

முறையிட்ட மூத்த அதிகாரி அன்று மேசைக்கே வந்தார். புகைக்கு நடுவில் அத்தனை பேர் சிரித்தார்களே, அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று மேலாளர் மூலம் கேட்டார். வண்டி, மேடை, முன்னால் நிற்கும் வண்டி எல்லாவற்றையும் மேலாளர் மொழிபெயர்த்தார். அவர் சிரிக்கவில்லை. பாடம் படிக்கிற மாதிரி கவனமாகக் கேட்டு, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

விசாரணை நடந்தது. சாமான் அறையில் அளவுக்கு மேல் மின்சுமை ஏற்றியிருந்த கம்பிதான் காரணம் என்று தெரிந்து, மாற்றினார்கள். மற்ற நான்கு நகரங்களின் அரங்குகளிலும் 'அருகிலுள்ள வாயில்' என்ற வரியை எடுத்துவிட்டு, எந்தப் பக்கத்தார் எந்தப் படியில் இறங்கவேண்டும் என்று தனித்தனியாக எழுதினார்கள். மேலாளர் அதைத் தன் பெயரில் சொல்லிக்கொள்ளவில்லை. யாரோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லியே அனுப்பினார்.

மைக்கக்கா பேருந்து நிலையத்துக்குத் திரும்பினார். அரங்கத்தில் இப்போது ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் பளு தூக்கப் பழகுகிறார்கள். போட்டி நடக்கும் நாள்களில் அங்கேயும் போய்ப் பேசிவிட்டு வருகிறார்.

இதற்கிடையில், அடுத்த போட்டியை நடத்தப்போகும் நாட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அங்கே அறிவிப்பாளர்களுக்குப் பயிற்சி தரவேண்டுமாம். மொழிபெயர்ப்பாளரைத் தாங்களே தருவார்களாம். வீட்டில் மற்ற இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டார். ஆனால் அங்குள்ள ஏழு அரங்குகளையும், ஆள் இல்லாதபோது ஒருமுறை, ஒவ்வொரு படியாக ஏறி இறங்கிப் பார்க்கவேண்டும், அதற்கு நேரம் ஒதுக்கினால்தான் வருவேன் என்றும் எழுதினார். ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் கிளம்புகிறார்.